திரையில் ஒரு காலப் பயணம்



காலத்தைக் கடந்து செல்ல வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. ரைவத மன்னன் தன் மகளுக்கு ஏற்ற வரனைக் கேட்டறியப் பிரமலோகம் சென்றான். அங்கே சிறிது நேரம் காத்திருந்து திரும்புவதற்குள் பூவுலகில் பல யுகங்கள் கழிந்துவிட்டன என்று பாகவதம் கூறுகிறது. ஆனால் அம்மன்னன் தானே விரும்பிக் காலத்தைக் கடந்தவனல்லன். எச். ஜி. வெல்ஸ் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கால யந்திரம்' என்னும் ஆங்கில நாவலிலோ, மனிதன் தானே ஒரு வாகனத்தைச் செய்து, விசையைத் தள்ளி, எதிர்காலத்துக்குப் போகிறான். அந்நாவலை ஜார்ஜ் பால் என்னும் டைரக்டர் 1960இல் திரைப்படமாக்கினார். அப்படத்தின் குணத்தையும் குற்றத்தையும் இன்று நாடிப் பார்ப்போம்.

நூலைப் படமாக்குவதும் ஒருவகை மொழிபெயர்ப்பே. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான் அதை அளக்க வைத்திருக்கும் கோல் ஒன்றுதான்: சொல்லை மாற்றலாம், சொல்ல வந்த பொருளை மாற்றலாகாது.

முதலில் குணம். 1899ஆம் ஆண்டின் கடைசி இரவில், லண்டன் நகரத்து விஞ்ஞானி ஒருவன் யந்திரத்தில் ஏறி அமர்கிறான். ராட் டெய்லர் இவ்வேடத்தை ஏற்றிருக்கிறார். மெழுகுவத்தி கண்முன்னே உருகிக் குறைகிறது; நத்தை விரைந்தோடுகிறது; கதிரவன் வானத்தைத் தாவிக் கடக்கிறான். எதிரே உள்ள துணிக்கடையின் கண்ணாடிக்குப் பின்னே ஒரு பெண் பொம்மை நிற்கிறது. ஆண்டுக்காண்டு அதன் ஆடை மாறுகிறது, பொம்மையோ மூப்படைவதில்லை. பல பக்கங்களில் எழுத வேண்டியதை அந்த ஒரு காட்சி உணர்த்திவிடுகிறது.

காலத்தை விரைந்தோடச் செய்யும் உத்தி எளியது. நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் எடுத்தால் ஒரு நாளில் 1,440 படங்கள் சேரும். திரையில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுவதால் அந்த நாள் அறுபதே வினாடிகளில் கழிந்துவிடும். இத்தகைய உத்திகளைத் திறம்படக் கையாண்டதற்காக இப்படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

1917இல் யந்திரத்தை நிறுத்தும் கதாநாயகன், போர்வீரர் உடையில் நிற்கும் ஒருவரைத் தன் நண்பர் என்றெண்ணி அழைக்கிறான். அவர் நண்பரின் மகன். நண்பர் போரில் மாண்டுவிட்டார். காலப் பயணத்தின் துயரம் இதைக் காட்டிலும் சுருக்கமாகச் சொல்லப்படுவது அரிது.

இனிக் குற்றத்துக்கு வருவோம். 1940இன் குண்டுவீச்சைக் கண்ட பின் அவன் 1966க்குப் போகிறான். அங்கே அணுகுண்டுப் போர் மூள்கிறது. அதிலிருந்து தப்பி, கி.பி. 8,02,701ஆம் ஆண்டை அடைகிறான். அங்கே தரையின்மேல் எலாய் என்னும் மெல்லியர் உண்டு உறங்கி வாழ்கின்றனர்; நிலத்தின் கீழே மார்லாக் என்னும் கொடியோர் அவர்களை வளர்த்து, பிடித்துத் தின்கின்றனர்.

மனித இனம் இவ்வாறு ஏன் இரண்டாகப் பிளந்தது? போருக்குப் பின் சிலர் மேலேயும் சிலர் பதுங்கு குகைகளிலும் தங்கியதால் என்கிறது படம். அபாயச் சங்கு ஊதியதும் எலாய்கள் மந்தைபோல் குகைக்குள் நடந்து செல்லும் காட்சி நெஞ்சை உறையவைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வெல்ஸ் கூறிய காரணம் வேறு. உழைப்பவனை இருட்டுக்குள் தள்ளி, அவன் உழைப்பில் மற்றவன் சுகித்திருந்தால், பன்னெடுங்காலத்தில் இருவரும் இருவேறு பிராணிகளாகிவிடுவர் என்பதே அவர் விடுத்த எச்சரிக்கை. போரை மூட்டுகிறவர்கள் வேறு யாரோ என்று நாம் கைகழுவிவிடலாம். வெல்ஸின் குற்றச்சாட்டிலிருந்து அவ்வாறு தப்ப முடியாது. பிறர் உழைப்பில் இளைப்பாறும் ஒவ்வொரு வீட்டின் வாயிலிலும் அது வந்து நிற்கிறது. இந்தப் பொருளைப் படம் நழுவவிட்டது பெருங்குறை.

மற்றொன்று மொழி. எட்டு லட்சம் ஆண்டுகளுக்குப் பின்னும் எலாய்கள் ஆங்கிலம் பேசுகின்றனர்! சில நூற்றாண்டுகளுக்கு முந்திய உரைநடைக்கே நாம் உரை தேடுகிறோமே! நாவலில் பயணி அவர்கள் மொழியைச் சொல் சொல்லாகக் கற்கிறான். அதில் கருத்துப் பொருள்களைக் குறிக்கும் சொற்கள் அருகிவிட்டதைக் கண்டு, அவர்கள் சிந்தனை சுருங்கியதை அறிகிறான். மொழியின் தேய்வே அறிவின் தேய்வுக்குச் சான்றாகும் இடம் அது. படம் அதையும் இழந்தது. முடிவில், ஓர் எலாய் கைமுட்டியை மடக்கிக் குத்தியவுடன் அடிமைத்தனம் அகலத் தொடங்குவதாகக் காட்டுவது, நோய்க்குக் கிடைத்த மிக மலிவான மருந்து.

ஆனால் படம் தானாகச் சேர்த்த ஒன்றை மட்டும் மனமாரப் பாராட்ட வேண்டும். எலாய்களின் நூல்நிலையத்தில் ஏடுகள் தொட்டவுடன் தூளாகின்றன, கதாநாயகன் கொதித்தெழுகிறான். பின்னர்த் தன் காலத்துக்குத் திரும்பியவன், மீண்டும் எதிர்காலம் செல்லும்போது வீட்டு அலமாரியிலிருந்து மூன்று நூல்களை எடுத்துச் செல்கிறான். எந்த மூன்று என்று படம் சொல்லவில்லை. அழிந்த சமூகத்தை மீண்டும் எழுப்பக் குத்துச்சண்டை போதாது, நூல்கள் வேண்டும் என்பதைப் படமே கடைசியில் ஒப்புக்கொள்கிறது.

ஆகவே, இப்படத்தைக் காணுங்கள். காலம் ஓடுவதைக் கண்ணால் காணலாம். பிறகு நாவலைப் படியுங்கள். அது எங்கே ஓடுகிறது, யாரால் ஓடுகிறது என்பது விளங்கும்.