மோன்சாவில் இத்தாலிய கிராண்ட் பிரீ

இத்தாலிய கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் முதன்முதலில் 1921 செப்டம்பர் 4ஆம் நாள், பிரெசியா நகருக்கு அருகே மோன்டிகியாரியில் நடந்தது. வென்றவர் பிரான்சு நாட்டின் ஜூல் கூ. அவர் ஓட்டிய பல்லோ காரும் பிரெஞ்சுத் தயாரிப்புதான். வீட்டுக்காரர்கள் ஏற்பாடு செய்த பந்தயத்தில் விருந்தாளி பரிசைத் தட்டிச் சென்றார்.

மறு ஆண்டு, மிலன் மோட்டார் சங்கம் தன் வெள்ளி விழாவையொட்டி மோன்சாவின் அரச பூங்காவுக்குள் பந்தயத்துக்கென்றே ஒரு தடம் அமைத்தது. சுமார் 3,500 பேர் உழைத்து 110 நாளில் வேலையை முடித்தார்கள். இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் ஆகியவற்றுக்கு அடுத்து, உலகின் மூன்றாவது நிரந்தரப் பந்தயத் தடம் இது. வளைவுகள் நிறைந்த ஐந்தரைக் கிலோமீட்டர்ப் பாதையும் நாலரைக் கிலோமீட்டர் நீள்வட்ட அதிவேகப் பாதையும் சேர்ந்து ஒரு சுற்றுக்குப் பத்துக் கிலோமீட்டர். இங்கு நடந்த முதல் கிராண்ட் பிரீயை பியாட் காரில் பியத்ரோ போர்தினோ வென்றார்.

வேகம் கூடியது, உயிர்ப்பலியும் கூடியது. 1928இல் எமிலியோ மத்தராசியின் கார் தடம் விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில், அவரோடு இருபதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். 1933இல் கிராண்ட் பிரீ நடந்த அதே நாளில், அதே தடத்தில் நடந்த வேறொரு பந்தயத்தில் காம்பாரி, போர்சாக்கினி, சைகோவ்ஸ்கி என்ற மூன்று வீரர்கள் மாண்டனர். இரண்டாம் உலகப் போரில் நின்றுபோன பந்தயம் 1947இல் மிலனிலும் 1948இல் டூரினிலும் நடந்து, 1949இல் மோன்சாவுக்குத் திரும்பியது. 1950இல் உலகச் சாம்பியன் போட்டி தொடங்கியபோது அதன் கடைசிப் பந்தயம் மோன்சாவில்தான் நடந்தது. ஆல்ஃபா ரோமியோ காரில் வென்ற ஜுசெப்பே ஃபரினா முதல் உலகச் சாம்பியன் ஆனார்.

1955இல் அதிவேகப் பாதை கான்கிரீட்டில் புதிதாகக் கட்டப்பட்டது. அதன் சாய்வளைவுகள் மேலே போகப் போகச் செங்குத்தாகும். கரடுமுரடான அந்தத் தளத்தில் டயர்களும் அச்சுகளும் தாங்காது என்று சொல்லி, 1960இல் முன்னணி பிரிட்டிஷ் அணிகள் பந்தயத்தையே புறக்கணித்தன. மறு ஆண்டு, புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஜெர்மானியர் வோல்ஃப்காங் ஃபொன் டிரிப்ஸின் ஃபெராரி, ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் காரோடு உரசிக் கரைமேல் ஏறியது. அவரும் பார்வையாளர்கள் 15 பேரும் இறந்தனர். பந்தயம் நிறுத்தப்படவில்லை. வென்ற ஃபில் ஹில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனார். விபத்து நேர்ந்தது சாதாரணப் பாதையில். ஆனால் பழி விழுந்தது சாய்வளைவுகள்மேல். அதன் பிறகு எந்த கிராண்ட் பிரீயும் அவற்றின்மேல் ஓடவில்லை. பூங்காவுக்குள் அவை இன்றும் நிற்கின்றன.

எஞ்சிய பாதையிலும் வேகத்துக்குக் குறைவில்லை. முன்னே போகும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு செல்வதால், அதன் முதுகை ஒட்டி வரும் காருக்குக் காற்றின் எதிர்ப்பு குறையும்; நேர்பாதையில் சட்டென்று முந்திவிடலாம். ஆகவே மோன்சாவில் கடைசி வளைவுக்கு முதலாவதாக வருவதே ஆபத்து என்ற விசித்திர நிலை இருந்தது. 1971இல் பீட்டர் கெத்தின், ரோனி பீட்டர்சனை ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் வென்றார். முதல் ஐந்து கார்களும் 0.61 நொடிக்குள் கோட்டைக் கடந்தன. சராசரி வேகம் மணிக்கு 242 கிலோமீட்டருக்கும் மேல். அப்படி ஒரு முடிவை மோன்சா பிறகு கண்டதில்லை. 1972இல் நேர்பாதைகளின் குறுக்கே நெளிவுகள் வைக்கப்பட்டன; 1976இல் மேலும் சில. கார்கள் அங்கங்கே வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும் என்றானதும், கூட்டமாக ஒட்டி ஓடும் அந்தப் பழைய பாணி முடிந்துபோனது.

1978இல் பந்தயம் புறப்பட்ட உடனே நேர்ந்த மோதலில் பீட்டர்சன் படுகாயமுற்று, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். 1980இல் மட்டும் பந்தயம் இமோலாவுக்குப் போய்வந்தது.

இத்தாலியின் ஃபெராரி அணி ரசிகர்கள் அதிகம் பேசுவது 1988ஐ. அந்த ஆகஸ்டில்தான் அணியை நிறுவிய என்சோ ஃபெராரி காலமானார். அவ்வாண்டின் 16 பந்தயங்களில் 15ஐ மெக்லாரன் அணி வென்றது. தவறவிட்ட ஒன்று மோன்சா. முடிய இரண்டே சுற்று இருந்தபோது, முன்னணியில் இருந்த அயர்டன் சென்னா, நைஜல் மான்செல்லுக்குப் பதிலாக வந்த ஜான் லூயி ஷ்லேசரின் காரோடு மோதி நின்றுவிட்டார். பெர்கரும் அல்போரெட்டோவும் ஓட்டிய ஃபெராரிகள் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன.

நெளிவுகள் இருந்தும், 1971இன் வேகத்தை 2003இல் மைக்கேல் ஷூமாக்கர் மணிக்கு 247 கிலோமீட்டர் சராசரியோடு தாண்டினார். 2025இல் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் 250ஐயும் கடந்தார். ஆனால் 1966இல் வென்ற லுதோவிகோ ஸ்கார்ஃபியோத்திக்குப் பிறகு, 2025 வரை எந்த இத்தாலியரும் இங்கு முதலிடம் பெறவில்லை. திரளும் கூட்டத்துக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. 2024இல் மொனாக்கோவின் சார்ல் லெக்லேர் ஃபெராரியின் சிவப்புக் காரில் வென்றபோதும் தடம் முழுக்க ஜனங்கள் இறங்கி நிறைந்தார்கள்.