பம்புக்கு அடங்காத இளைப்பு

வடசென்னையின் எண்ணூரில் ஒருவருக்கு மூச்சு இளைத்தால் காரணம் தேட யாரும் மெனக்கெடுவதில்லை. அனல்மின் நிலையச் சாம்பல், கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி, 2023 டிசம்பரில் பெரியகுப்பத்தை நள்ளிரவில் எழுப்பிய அமோனியா கசிவு... காரணங்கள் கண்ணெதிரே நிற்கின்றன. ‘வீசிங்’ என்று சொல்லி இன்ஹேலர் பம்பைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு அது சரியான வைத்தியம்தான். எல்லோருக்கும் அல்ல.

தொண்டைக்குக் கீழே நெஞ்சுக்குள் இறங்கும் பெரிய மூச்சுக்குழாயின் நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர். அதில் புற்றுக்கட்டி முளைப்பது மிக அபூர்வம். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்பது அந்தக் கட்டிகளில் ஒரு வகை. குழாய்ச் சுவரின் சளிச் சுரப்பிகளில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். பீடி, சிகரெட் தொடாதவர்களுக்கும் வரும். ஆலைப் புகையால் இது வருகிறது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் ஊரெல்லாம் இளைப்பாக இருக்கும்போது இந்தக் கட்டியால் வரும் இளைப்பைத் தனியாகப் பார்க்கத் தோன்றுவதில்லை. என் கவலை அதுதான்.

சத்தத்தைக் கவனியுங்கள். ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சை விடும்போது நெஞ்செங்கும் விசில் கேட்கும். இந்தக் கட்டி கழுத்துப் பக்கம் இருந்தால், மூச்சை இழுக்கும்போது அங்கே ஒரே சுருதியில் இரைச்சல் கேட்கும். பம்பு வைத்தும் மாதக்கணக்கில் தணியாது. சளியில் ரத்தம் வரலாம். குழாய் பாதிக்கு மேல் அடைபடும்வரை பலருக்குத் தொந்தரவே தெரியாது. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாகத் தெரிவதால் அத்தோடு நிம்மதியாகிவிடுகிறோம். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் வளைந்து வரவேண்டிய கோடு தட்டையாக வந்தால் டாக்டருக்குச் சந்தேகம் தட்டும். அடுத்து சி.டி. ஸ்கேன், பிறகு பிராங்கோஸ்கோப்பி. வளையும் பிராங்கோஸ்கோப்பை 1960களில் ஜப்பானிய மருத்துவர் ஷிகெட்டோ இக்கேடா உருவாக்கியதால், இன்று குழாய்க்குள்ளேயே பார்த்து, சதையைக் கிள்ளி எடுக்க முடிகிறது.

அந்தத் துணுக்குதான் உண்மையைச் சொல்லும். நுண்ணோக்கியில் சிறிய, ஒரே மாதிரியான செல்கள் சல்லடைபோல் துளை துளையாகக் கூடியிருக்கும். பார்த்தால் சாதுவாகத் தெரியும். ஆனால் நரம்புகளைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் கட்டியையும் தாண்டி ஊர்ந்திருக்கும். அதனால்தான் குழாயின் அந்தப் பகுதியை வெட்டி ஒட்டும் அறுவைச் சிகிச்சை நடக்கும்போதே, வெட்டிய ஓரத்தை உறையவைத்துப் பரிசோதிக்கிறார்கள். ஓரத்தில் நோய் மிஞ்சினால் கதிர்வீச்சு தேவைப்படும். பத்து ஆண்டு கழித்தும் நுரையீரலில் தலைகாட்டக்கூடியது என்பதால் தொடர்ந்து பார்த்துவர வேண்டும். இன்னொன்று: கட்டி குழாயின் உட்படலத்துக்கு அடியில் இருப்பதால் முதல் துணுக்கில் சிக்காமல் போகலாம். மறுபடி சதை எடுக்கச் சொன்னால் டாக்டர் மேல் சந்தேகப்படாதீர்கள்.

பம்பு பிடித்தும் இளைப்பு அடங்கவில்லையா? பழைய எக்ஸ்ரேக்களையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போங்கள். மூச்சை இழுக்கும்போதா, விடும்போதா சத்தம் வருகிறது என்று நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இழுப்புச் சத்தம் கேட்டால், புறநோயாளி வரிசையில் நிற்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.