வந்தவர் எத்தனை, வாங்கியவர் எத்தனை?

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மே மாதத்தில், கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடைபெறும் நாட்களில், அவ்வழியே செல்வோர் வண்டிகளின் நீண்ட வரிசையைக் காண்பர். அத்தகைய நாளொன்றில், ஏரிக்கு அருகே காப்பித்தூள் விற்கும் நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காலத்தில் தோன்றியது. அப்பழைய சரக்கை நண்பர் இணையதளத்தின் வழியாகவும் விற்கிறார். இணையத்தில் விளம்பரமும் செய்கிறார்.

“விளம்பரத்தைப் பார்த்து ஆயிரம் பேர் தளத்திற்குள் வந்திருக்கிறார்கள் ஐயா” என்றார், பெருமையுடன்.

“வாங்கியவர்?” என்றேன்.

“இருபது பேர்.”

மாணவ நண்பர்களே, இவ்விரண்டு எண்களுக்கும் உள்ள உறவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். தளத்திற்கு வந்தவர், விற்பவர் விரும்பிய செயலைச் செய்து முடிப்பதை விளம்பரத் தொழிலார் ‘கன்வர்ஷன்’ என்பர். அச்செயல் எதுவென்று முதலில் விற்பவரே வரையறுத்துக்கொள்ள வேண்டும். காப்பிக் கடைக்கு அது பணம் செலுத்திய ஆர்டர், தங்கும் விடுதிக்கு அறைப்பதிவு, கல்லூரிக்கு விண்ணப்பம். நண்பரின் விகிதம் நூற்றுக்கு இரண்டு. ஒருவர் விளம்பரத்தைச் சொடுக்குவதற்கு 5 ரூபாய் கொடுத்தாரென வைத்துக்கொண்டால், ஓர் ஆர்டரைப் பெற அவருக்கு 250 ரூபாய் செலவு. ஆர்டருக்கு இலாபம் 150 ரூபாய்தான் என்றால் நஷ்டமே. வாங்கியவர் மாதந்தோறும் திரும்பி வருவாராயின் கணக்கு வேறு.

இந்த இருபது பேரை எண்ணியது யார்? விளம்பரத்தைச் சொடுக்கியவுடன், ‘குக்கி’ என்னும் சிறு குறிப்பொன்று அவருடைய கணினியிலோ கைப்பேசியிலோ பதிகிறது. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி 1994-ஆம் ஆண்டில் உண்டாக்கிய உபாயம் அது. பணம் செலுத்தி முடிந்ததும் ‘நன்றி’ கூறும் பக்கம் வருகிறதல்லவா? அப்பக்கத்தில் மறைந்துள்ள சில வரிகள் அக்குறிப்பைக் கண்டு, விளம்பர நிறுவனத்திற்குச் செய்தி அனுப்புகின்றன. கூகுள் விளம்பரங்களில், வேறு ஏற்பாடு செய்யாவிடில், சொடுக்கிய 30 நாட்களுக்குள் நிகழும் ஆர்டர் அவ்விளம்பரத்தின் கணக்கில் சேரும்.

இக்கணக்கில் ஓட்டைகள் பல. கைப்பேசியில் விளம்பரம் கண்டவர் வீட்டுக் கணினியில் வாங்கினால் தொடர்பு அறுந்துபோகலாம். விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்து, “அரைக் கிலோ அனுப்புங்கள்” என்பவரும் எண்ணிக்கையில் வருவதில்லை. மறுபுறம், நன்றிப் பக்கத்தை இருமுறை திறந்தால் ஓர் ஆர்டர் இரண்டாகலாம். ஆர்டர் எண்ணையும் சேர்த்து அனுப்பினால் இதனைத் தவிர்க்கலாம்.

இவையெல்லாம் சிறு பிழைகள். பெரிய பிழை வேறொன்று. மே மாதத்தில் விளம்பரம் இல்லாமலே ஏற்காட்டிற்குக் கூட்டம் வரும். முன்பே கடையை அறிந்த ஒருவர் அதன் பெயரையே தேடி, மேலே தோன்றும் விளம்பரத்தைத் தொட்டு வாங்கினால், விளம்பரம் அவரைத் தன் சாதனையாகப் பதிந்துகொள்கிறது. மலையேறி வந்தவனை வாசலில் நின்று வரவேற்றவன், “நானே அழைத்து வந்தேன்” என்பதை ஒக்கும் இது! 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஈபே நிறுவனம் தன் பெயருக்கான தேடல் விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தது. அவ்வழியே வந்தவர் ஏறக்குறைய அனைவரும் கட்டணமில்லாத இணைப்புகளின் வழியே வந்து சேர்ந்தனர்.

ஆகவே நண்பரிடம் ஒரு யோசனை கூறினேன். ஈரோட்டில் ஒரு மாதம் விளம்பரத்தை நிறுத்துக; கோவையில் தொடர்க; இரு ஊர்களின் ஆர்டர்களும் முன்பிருந்த நிலையிலிருந்து எவ்வளவு மாறின என்று ஒப்பிடுக. அந்த வேறுபாடே விளம்பரம் ஈட்டித் தந்தது.

அவர் நெடுநேரம் யோசித்தார். “மே மாதத்தில் நிறுத்த மனம் வரவில்லை ஐயா. ஜூலையில் செய்து பார்க்கிறேன்” என்றார்.

“ஜூலையில் கிடைக்கும் விடை ஜூலைக்குத்தானே?” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு குவளை காப்பி ஊற்றினார்.