விடைபெறுவோர் ஒப்படைப்பது எது?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு மாற்றல் உத்தரவு புதியதன்று. உத்தரவு கைக்கு வந்ததும் பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலை எழுத உட்காருகிறோம். மேசை இத்தனை, பீரோ இத்தனை, சாவிக்கொத்து ஒன்று, நிலுவைக் கோப்புகள் இன்னின்னவை. வந்தவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடுகிறார். போகிறவர் மூட்டை கட்டுகிறார். ஆனால், பட்டியலில் ஏறாத சரக்கைக் கையாளும் அலுவலகமும் உலகில் உண்டு. ஒரு நாடு தன் கலையையும் மொழியையும் பிறர்க்கு அறிமுகம் செய்யவும், பிறருடையதைத் தான் அறியவும் அயல்நாட்டில் நிறுவும் பண்பாட்டு நிலையமே அது. அதன் தலைவர் விடைபெறும்போது எதை ஒப்படைக்கிறார், எதைக் கொண்டு செல்கிறார் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நம் நாட்டில் மௌலானா ஆசாத் அவர்கள் 1950-இல் இந்தியக் கலாசார உறவு மன்றத்தைத் தோற்றுவித்தார்கள். பின்னர் 1992-இல் லண்டன் மாநகரில் நேரு மையம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் திரு. கோபாலகிருஷ்ண காந்தி. தந்தை வழியில் காந்தியடிகளுக்கும், தாய் வழியில் இராஜாஜிக்கும் பேரர். தமிழ்நாட்டில் ஆட்சிப் பணி புரிந்தவர். புதிய நிலையத்துக்கு முதல் தலைவராவது எளிதன்று. நாற்காலி முதல் நண்பர் வரை யாவற்றையும் தாமே தேடவேண்டும். தேடி முடிப்பதற்குள் காலம் முடிந்துவிடும். 1996-இல் அவர் தென்னாப்பிரிக்காவுக்குத் தூதராகச் சென்றார். கட்டடமும் நிகழ்ச்சி நிரலும் அடுத்தவர் கைக்குப் போயின.

அவருடன் வந்தவை வேறு. விக்ரம் சேத் ஆங்கிலத்தில் எழுதி 1993-இல் வெளியான பெரும் நாவல் ஒன்று, அவருடைய மொழிபெயர்ப்பில் 1998-இல் இந்துஸ்தானியில் வெளிவந்தது. 2015-இல் திருக்குறளை அவர் ஆங்கிலத்தில் தந்தார். அப் வண்டியும் உண்டு, டவுன் வண்டியும் உண்டு என்று நம் பாஷையில் சொல்லலாம்! இடையே 2004 முதல் 2009 வரை இம்மாநிலத்தின் ஆளுநராகக் கொல்கத்தாவிலேயே வாழ்ந்தாரென்பதை இங்குள்ள பெரியோர் அறிவர்.

அதே நாற்காலியில் 2000 முதல் 2003 வரை அமர்ந்தவர் நாடகாசிரியர் கிரீஷ் கர்நாட். கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டு கன்னடத்தில் எழுதியவர். அவர் லண்டனிலிருந்து திரும்பியபின் அரங்கேறிய நாடகங்களுள் ஒன்று 'ஒடகலு பிம்ப'. கன்னட எழுத்தாளர் ஒருத்தி ஆங்கில நாவலொன்றால் பெரும்புகழ் பெறுகிறாள். தொலைக்காட்சித் திரையில் தோன்றும் அவளுடைய உருவமே அவளைக் குறுக்கு விசாரணை செய்கிறது. லண்டன் வாசமே இந்நாடகத்தைத் தந்தது என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆயினும் அயல்மொழியின் தலைநகரில் மூன்றாண்டு இருந்து திரும்பிய ஒருவர் இக்கேள்வியைத் தம் மக்கள்முன் வைத்தது நமக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி நம் நகருக்கு வருவோம். ஜெர்மானியர் இந்தியாவில் மாக்ஸ் முல்லர் பவனை முதன்முதலாக நிறுவியது இங்கேதான், 1957-இல். ரிக்வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லரோ இந்திய மண்ணில் ஒருநாளும் கால் வைத்தவரல்லர். வராதவர் பெயர் வாயிலில் நிலைத்திருக்க, வந்து உழைத்த தலைவர்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை மாறிப் போகிறார்கள். வேடிக்கைதான்! ஒரே ஊரில் நெடுநாள் தங்கியவர் தம் நாட்டின் புதுமையை அறியாதவராகிவிடுவார் என்பது மாற்றுவதற்கு ஒரு நியாயம். நஷ்டமும் அதிலேயே இருக்கிறது. மீன்கடையில் பேரம் பேசுமளவுக்கு வங்கமொழி நாவில் படியும்போது பெட்டி கட்டவேண்டி வருகிறது. எந்தக் கவிஞரைக் கடிதத்தால் அழைக்கலாம், எவரை வீட்டுக்கே சென்று அழைக்கவேண்டும் என்ற ஞானத்தை எந்தப் பதிவேட்டில் எழுதி வைப்பது?

இத்தனையும் ஏன் சொல்கிறோமென்றால், நம் செயலாளர் அவர்களும் அடுத்த மாதம் மாற்றலாகிச் செல்கிறார்கள். நம் சங்கமும் சிறியதொரு பண்பாட்டு நிலையமே, சம்பளம்தான் இல்லை. பொங்கல் விழாவுக்குத் துர்க்கா பூசைக் குழுவினர் பெரிய பாத்திரங்களையும் பந்தலையும் தந்து உதவுகிறார்களே, எந்த ரசீதின்மேல்? செயலாளர் அவர்களின் முகத்துக்காக! அவர்கள் இறந்த வீட்டுக்கும் மணவீட்டுக்கும் தவறாமல் சென்றவர் இவர். நூலகப் புத்தகங்களையும் ஜமக்காளங்களையும் எண்ணி வாங்கிக்கொள்ள முடியும். இந்த உறவை எண்ணி வாங்க முடியாது. கூடவே நடந்து சென்று பழகினால்தான் கைக்கு வரும்.

ஆகவே புறப்படுமுன் தமக்குப் பழக்கமான வங்காள வீடுகள் ஒவ்வொன்றுக்கும் புதிய செயலாளரை அழைத்துச் செல்ல அவர் இசைந்திருக்கிறார். வரும் ஞாயிறு முதல் மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கட்டடத்திலிருந்து கிளம்புகிறார்கள். நம்மைவிட நன்றாக வங்காளம் பேசும் நம் பிள்ளைகளைப் பெற்றோர்கள் உடன் அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.