எத்தனை பெட்டி வேண்டும்?

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலின் மாலை நிகழ்ச்சியில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மயக்க மருந்து டாக்டர் மைக்கைப் பிடித்தால் சபையே தூங்கிவிடும் என்று செயலாளருக்குப் பயம். "தொழிலை விட்டுடுங்க, கிடாரைப் பத்திப் பேசுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. போன வருஷம் இதே கோரிமேட்டுக்கு ஒரு வேலையாக வந்திருந்தபோது, மூன்றாம் வருஷ மாணவர் ஒருவர் வாசலில் மடக்கி, "சார், நீங்க கிடார் வாசிப்பீங்களாமே, ஒருத்தருக்கு எத்தனை ஆம்ப் சார் வேணும்?" என்று கேட்டார். அப்போது என் வீட்டில் ஏழு இருந்தன. நான் பெருமையாக, "குறைஞ்சது மூணாவது வேணும் தம்பி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டேன். அது தவறான பதில். அதைத் திருத்தத்தான் இன்று வந்திருக்கிறேன்.

என் முதல் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாங்கள் கிடாரைத் தூக்கியதற்குக் காரணம் 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை'. 'இளைய நிலா' பாட்டின் கிடாரைக் கேட்டுவிட்டு ஹாஸ்டலில் பாதிப் பேருக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், அது ஆம்ப்ளிஃபயரே தேவைப்படாத சாதாரண அக்கூஸ்டிக் கிடாரின் நாதம். இளையராஜா அவர்களே லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியது கிளாசிக்கல் கிடாருக்காகத்தான். அதற்குத் தேவையான ஆம்ப்ளிஃபயர்களின் எண்ணிக்கை பூஜ்யம். இதையெல்லாம் யார் யோசித்தது? எலெக்ட்ரிக் கிடார் வாங்கினேன், ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டி கிடைத்தது, நேரு வீதிப் பக்கம் ஒரு ரேடியோ மெக்கானிக் இரண்டு 2என்3055 டிரான்சிஸ்டரைப் போட்டுப் பத்து வாட் ஆம்ப்ளிஃபயர் கட்டிக் கொடுத்தார். உறுமல் கொஞ்சம் ஜாஸ்தி. ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பினால் அதற்குத் தகுந்தாற்போல் ராகம் மாறும்.

மேடைக் கச்சேரிக்குப் போனால் நிலைமை வேறு. கல்யாண ஆர்க்கெஸ்ட்ராக்களில் கிடார்காரனுக்கென்று தனிப் பெட்டி கிடையாது. மைக் செட்காரர் வைத்திருக்கும் அகுஜாவில் ஒயரைச் சொருகிவிடுவார்கள். பந்தல் காலில் கட்டிய ஹார்ன் வழியாக என் கிடார் வந்தால் தகரத்தில் ஆணியால் கீறியது மாதிரி இருக்கும். ஹார்ன் மேல் குற்றமில்லை. மனிதக் குரல் தெருக்கோடி வரை கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. கிடார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள கீச்சுகளை வேண்டுமென்றே விழுங்கிவிடும். அதிகம் திருகினால் ஒலி உடையும், ஆனால் இனிமையாக உடையும். அதனால் அந்தப் பெட்டியும் வாத்தியத்தில் ஒரு பாதி. வயலினுக்கு மரக்கூடு எப்படியோ அப்படி. இது புரிந்த அன்றுதான் எனக்கு நோய் தொற்றியது.

இரண்டாவது பெட்டி பாரிஸிலிருந்து வந்தது. நம்ம ஊரில் சொல்தா குடும்பங்கள் உண்டு, பாதிச் சொந்தம் பிரான்சில் இருக்கும். அப்படி ஒரு வீட்டுப் பையன் லீவுக்கு வந்தபோது 15 வாட் வால்வு ஆம்ப் ஒன்றைக் கொண்டு வந்து எனக்கு விற்றுவிட்டுப் போனான். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால் புகைதான். பிரெஞ்சு மின்சாரம் ஏறக்குறைய நம்முடையதே. அதனால் நேராகச் சொருகினேன். அதில் ஒரு வினை இருந்தது, பிறகு சொல்கிறேன்.

வேலை கிடைத்து, சம்பளம் உயர்ந்து, பிள்ளைகள் பெரியவர்களானதும் மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மேடைக்கென்று 100 வாட் ஒன்று. சுத்தமான ஒலிக்கென்று ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 120, அதில் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, தூக்கிய அன்று இடுப்பு பிடித்துக்கொண்டது. 1970-ல் 'லைலா' ஆல்பத்துக்கு எரிக் கிளாப்டன் ஃபெண்டர் சாம்ப் என்ற குட்டிப் பெட்டியில் வாசித்தார் என்று படித்துவிட்டு, அதே மாதிரி 5 வாட்டில் ஒன்றை வரவழைத்தேன், கூடவே ஒரு டிரான்ஸ்ஃபார்மரும். பயணத்துக்கு பாட்டரியில் ஓடுவது ஒன்று. கடைசியாக, நூறு ஆம்ப்களின் குரலையும் தானே மிமிக்ரி செய்யும் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. என் சகதர்மிணி ஒருநாள் அமைதியாக, "கை ரெண்டுதானே இருக்கு?" என்றாள். "காது" என்று சொல்லியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது. 50 வாட்டை விட 100 வாட் இரண்டு மடங்கு சத்தம் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். இல்லை. வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபெல். "கொஞ்சம் ஏத்தினியா?" என்று கேட்கும் அளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகப் பட வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும், அதாவது வாட் பத்து மடங்காக வேண்டும். ஆகவே என் 100 வாட் பெட்டி, ரேடியோ மெக்கானிக் கட்டிக் கொடுத்த 10 வாட்டைப் போல இரண்டு மடங்கு சத்தம்தான், ஸ்பீக்கர் ஒரே தரமாக இருந்தால். விலையில் எத்தனை மடங்கு என்பதை வீட்டில் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

அப்படியானால் 100 வாட் ஏன் பிறந்தது? லண்டனுக்கு மேற்கே ஹான்வெல்லில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962-ல் ஃபெண்டர் பாஸ்மேனை மாதிரியாக வைத்து ஆம்ப் செய்ய ஆரம்பித்தார். 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம், இன்னும் சத்தம் என்று நச்சரித்தார், 1965 வாக்கில் 100 வாட்டும் ஆளுயர அடுக்குப் பெட்டியும் வந்தன. அதே 1965 ஆகஸ்ட் 15-ந் தேதி நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு மேல் கூடிய கூட்டத்தில் பீட்டில்ஸ் வாசித்தார்கள். வாக்ஸ் கம்பெனியின் 100 வாட் ஆம்ப்கள் வைத்திருந்தார்கள். ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசித்தது தங்களுக்கே கேட்கவில்லை. ஒரு ஸ்டேடியத்துக்கு 100 வாட் எம்மாத்திரம்! அரங்கத்துக்கான ஒலிபெருக்கி முறை அன்று வளரவில்லை. கிடார்காரனின் பெட்டிதான் கடைசி வரிசை வரை சத்தத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. இன்று அந்தச் சுமை இல்லை. பெட்டிக்கு முன்னால் ஷூர் எஸ்எம்57 மாதிரி ஒரு மைக்கை வைத்துவிட்டால் மீதியை மைக் செட்காரர் பார்த்துக்கொள்வார். ஜூன் 21 அன்று நம்ம ஊரில் நடக்கும் ஃபெத் த லா மியூசிக்கில் வாசிக்கிறவர்களைப் போய்ப் பாருங்கள். சின்னப் பெட்டி, முன்னால் ஒரு மைக். கூட்டம் முழுக்கக் கேட்கிறது.

இனி நான் சொல்லத் தயங்கிய விஷயம்.

ஐந்து வருஷம் முன்பு ஆபரேஷன் தியேட்டரில் என் ஜூனியர் டாக்டர், "சார், இன்ஃப்யூஷன் பம்ப் அலாரம் அடிக்குது" என்றாள். நான் பம்புக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை. மருந்து தீரும் முன் அவள் மாற்றிவிட்டாள், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. எங்கள் தொழிலில் கண் நோயாளி மேல் இருக்கும், காது மானிட்டர் மேல் இருக்கும். ஆக்ஸிஜன் குறைந்தால் அந்த பீப் சத்தத்தின் சுருதி இறங்கும், திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொள்வோம். அந்தக் காதே போனால்?

நம் பேட்சில் ஈஎன்டி எடுத்த தோழியிடம் போனேன். ஆடியோகிராம் எடுத்தாள். கோடு நேராக வந்து 4,000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்து மறுபடி ஏறியது. இறுதியாண்டு மாணவர்களே, அது எதன் அடையாளம் என்று உங்களுக்குத் தெரியும். "எந்த ஃபேக்டரியில வேலை பார்த்தே?" என்று கேட்டாள். ராத்திரி காதுக்குள் சில்வண்டு கத்துவதைப் பற்றியும் அப்போதுதான் சொன்னேன். அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில்கூட.

கணக்கு இதுதான். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனமான நையோஷ் 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி, 97-க்கு அரை மணி, 100-க்குக் கால் மணி. இப்போது கிடார் ஸ்பீக்கரின் விவரக்குறிப்பைப் படியுங்கள். நல்ல 12 அங்குல ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், 97 டெசிபெல் முதல் 100 வரை கொடுக்கும். ஒரே ஒரு வாட்! அதற்கே அரை மணிதான் அனுமதி. நான் ஹாஸ்டல் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் 15 வாட் வால்வைப் பாதிக்கு மேல் திருப்பிவிட்டு, "வால்வு சூடானால்தான் நாதம்" என்று மணிக்கணக்கில் வாசித்தவன். பீட் டவுன்ஷெண்ட் தன் செவிக்குறைபாட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவருக்காவது உலகப் புகழ் கிடைத்தது. எனக்கு அடுத்த அறைக்காரனின் சாபம் கிடைத்தது.

சரி தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். எத்தனை விதமான ஒலி பிடிக்கும் என்று எண்ணினால் கணக்கு முடியாது, ஏழிலும் நிற்காது. எத்தனை இடத்தில் வாசிக்கிறாய் என்று எண்ணிப் பார். ஹாஸ்டல் அறை ஒரு இடம். அதற்கு 5 வாட், 10 வாட், ஹெட்போன் துளை உள்ள டிரான்சிஸ்டர் பெட்டி போதும், ஹெட்போனிலும் அளவு மீறாமல். ஸ்பந்தன் மேடை இன்னொரு இடம். அங்கே மைக் செட் வருகிறது, உன் அறைப் பெட்டியையே தூக்கிப்போய் மைக் வைக்கலாம். வாசிக்கிறவனுக்குக் கேட்க மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் கேட்டு வாங்கு. அதனால் படிக்கிற காலத்தில் உனக்குத் தேவை ஒன்று. டிரம்ஸ்காரனோடு, மைக் செட் இல்லாமல், வாராவாரம் ஒத்திகை பார்க்கிற குழுவாக ஆனால் அன்றைக்கு இரண்டாவது வாங்கு, 30 வாட்டுக்குள். மூன்றாவது வாங்குவது ஆசை. ஆசை தப்பில்லை, அதைத் தேவை என்று அப்பாவிடம் சொல்லிப் பணம் வாங்காதே. மிமிக்ரி பெட்டியைப் பற்றி வால்வு பக்தர்கள் முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தேன். இன்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. என் காதை வைத்து அதற்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பதும் உண்மை.

பாரிஸ் பெட்டியின் வினையைச் சொல்ல மறக்கவில்லை. பிரெஞ்சு பிளக்கில் எர்த் கம்பி கிடையாது, ஒரு ஓட்டைதான் இருக்கும். அவர்கள் ஊர் சாக்கெட்டில் எர்த் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அது அந்த ஓட்டைக்குள் போகும். நம்ம 5 ஆம்பியர் சாக்கெட்டில் இரண்டு கம்பியும் போய் உட்கார்ந்துகொள்ளும், பெட்டி வேலை செய்யும், எர்த் மட்டும் இருக்காது. நான் மூன்று வருஷம் அப்படித்தான் வாசித்தேன். ஒரு கல்யாண மேடையில் கிடார் கம்பியைப் பிடித்தபடி கோரஸ் பாட மைக்கிடம் உதட்டைக் கொண்டுபோனேன். பளீர் என்று அறை விழுந்த மாதிரி. பின்னால் சாய்ந்து தபேலாக்காரர் மடியில் விழுந்தேன், ஜனங்கள் கை தட்டினார்கள். 1972-ல் வேல்ஸ் நாட்டின் சுவான்ஸியில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர் மேடையிலேயே எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார் என்று பிறகு படித்தேன். ஒரு கை கிடார் கம்பியில், மற்றொரு கை மைக்கில் என்றால் மின்சாரம் போகிற வழியில் எந்த உறுப்பு இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் இரண்டு வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிட்டேன். 5 வாட் குட்டியும் மிமிக்ரி பெட்டியும் என்னிடம். ஜாஸ் கோரஸ் ஒரு சர்ச் குழுவுக்குப் போய்விட்டது. 100 வாட்டை வாங்கியவர் இன்னும் பாதிப் பணம் தரவில்லை. பாட்டரிப் பெட்டி பேரனிடம். ரேடியோ மெக்கானிக் கட்டிய பத்து வாட்டும் பாரிஸ் வால்வும் வெளியே என் கார் டிக்கியில் இருக்கின்றன. மாணவர் இசைக்குழுவுக்காகக் கொண்டு வந்தேன். பாரிஸ் பெட்டிக்கு மூன்று பின் பிளக் மாற்றி, உள்ளே எர்த் ஒயர் பற்றவைத்து, பழைய கண்டென்சர்களையும் மாற்றியிருக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேர் வந்தால் இறக்கிவிடலாம். கனம் ஜாஸ்தி, முதுகை வளைக்காமல் தூக்குங்கள். கேட்ட தம்பி வந்திருந்தால் அவரே வரட்டும்.