வாட்ஸை விடுங்க, சென்சிட்டிவிட்டியைப் பாருங்க

போன எபிசோட்ல சின்ன சைஸ் கிளாஸ் டி ஆம்ப் பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "ஆம்ப் வாங்கியாச்சு. கம்மி பட்ஜெட்ல, சின்னதா, என்ன ஸ்பீக்கர் வாங்கலாம்?" இன்னைக்கு நான் மாடல் பேர் சொல்லப் போறதில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்ல நின்னாலும் சரி, ஆன்லைன்ல தேடினாலும் சரி, நீங்களே முடிவெடுக்க மூணு எண் போதும்.

முதல் எண், உங்க ஆம்ப் உண்மையிலேயே தர்ற வாட்ஸ். நிறைய பேர்கிட்ட இருக்கிறது டிபிஏ3116 சிப் போட்ட போர்டு. அதுல 'தலா 50 வாட்ஸ்'னு போட்டிருப்பாங்க. அது பொய் இல்லை. ஆனா அது 21 வோல்ட் சப்ளை, 4 ஓம்ஸ் ஸ்பீக்கர், 10 சதவீத டிஸ்டார்ஷன்ல கிடைக்கிற கணக்கு. நீங்க மாட்டியிருக்கிறது பழைய ரவுட்டரோட 12 வோல்ட் அடாப்டர்! வோல்ட்டை வர்க்கப்படுத்தி, ஓம்ஸோட இரண்டு மடங்கால வகுங்க. 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்னா 144 வகுத்தல் 16, அதாவது 9 வாட்ஸ். சுத்தமான சத்தத்துக்கு அதுதான் உச்சவரம்பு. நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறையும்.

இரண்டாவது எண், சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளந்தா எத்தனை டெசிபல் வருதுங்கிறதுதான் இது. ஸ்பீக்கருக்குப் பின்னாடி '100 வாட்ஸ்'னு இருந்தா அது தாங்கும் அளவு மட்டும்தான். லாரி பத்து டன் தாங்கும்ங்கிறதால வேகமா ஓடும்னு அர்த்தமில்லையே, அதே மாதிரி.

ஒவ்வொரு 3 டெசிபல் ஏறவும் பவர் இரண்டு மடங்கு வேணும். அப்போ 84 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 90 டெசிபல் ஸ்பீக்கருக்கும் நடுவில் நாலு மடங்கு பவர் வித்தியாசம். 90ல 9 வாட்ஸ் பண்ற வேலையை 84ல செய்ய 36 வாட்ஸ் வேணும். உங்ககிட்ட அது இல்லை.

இங்க ஒரு சின்ன தந்திரம் இருக்கு, கவனிங்க. சில ஸ்பெக்ல 'ஒரு வாட்'னு போடாம '2.83 வோல்ட்'னு போட்டிருப்பாங்க. 8 ஓம்ஸ்ல அது ஒரு வாட்தான். 4 ஓம்ஸ்ல அது இரண்டு வாட்ஸ். அதனால 4 ஓம்ஸ் ஸ்பீக்கர்னா, போட்டிருக்கிற எண்ல 3 கழிச்சுட்டு ஒப்பிடுங்க.

சரி, எல்லாரும் 90 டெசிபல்ல சின்ன ஸ்பீக்கர் செய்ய வேண்டியதுதானே? முடியாது. 1957ல அமெரிக்காவில் கேஎல்ஹெச் கம்பெனியைத் தொடங்கின மூணு பேர்ல ஒருத்தர் ஹாஃப்மேன். 'ஹாஃப்மேனின் இரும்பு விதி'ன்னு அவர் பேர்லயே ஒரு விதி இருக்கு: சின்ன பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிட்டிவிட்டி, இந்த மூணுல இரண்டுதான் கிடைக்கும். 4 இன்ச் டிரைவர் வச்ச குட்டிப் பெட்டி 'அதிரும் பேஸ்'னு விளம்பரம் பண்ணா, சென்சிட்டிவிட்டியை எங்கேயோ அடமானம் வச்சிருக்காங்கன்னு புரிஞ்சுக்கோங்க.

மூணாவது எண், தூரம். மேசை மேல வச்சு, ஒரு மீட்டருக்குள்ள உட்கார்ந்து கேட்கிறீங்களா? 84, 85 டெசிபலே தாராளம். கட்டில்ல சாய்ஞ்சு, இரண்டு மூணு மீட்டர் தள்ளிக் கேட்பீங்கன்னா 87க்குக் கீழே போகாதீங்க. இதுக்கு 5 அல்லது 6 இன்ச் வூஃபர் இருக்கிற புக்‌ஷெல்ஃப் சைஸ் சரியா இருக்கும். பேஸ் பத்தலைன்னா சுவரை ஒட்டி நகர்த்திப் பாருங்க. செலவே இல்லாம கொஞ்சம் கூடும்.

'ஆம்ப் சின்னது, ஸ்பீக்கருக்கு ஒண்ணும் ஆகாது'ன்னு நினைச்சு வால்யூமை முழுசாத் திருப்பாதீங்க. வரம்பைத் தாண்டினா ஆம்ப் அலையோட தலையை வெட்டிடும். அதைத்தான் கிளிப்பிங்னு சொல்றோம். முதல்ல சத்தம் கரகரன்னு ஆகும். அப்படியே விட்டா ட்வீட்டர் சூடாகிக் கருகவும் வாய்ப்பு இருக்கு.

கடைசியா, காசு ரொம்ப டைட்டா இருந்தா பரண் மேல கிடக்கிற பழைய மியூசிக் சிஸ்டம் ஸ்பீக்கரை இறக்குங்க. கோனைச் சுத்தியிருக்கிற ஃபோம் வளையத்தை விரலால மெதுவாத் தொடுங்க, உதிராம இருக்கணும். மல்ட்டிமீட்டர்ல 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் சுமார் 6 காட்டும், அது சரிதான். எதுவுமே காட்டலைன்னா வாய்ஸ் காயிலோ, உள்ளே போற வயரோ அறுந்திருக்கு. இரண்டு சோதனையிலும் பாஸ் ஆச்சுன்னா முதல்ல அதையே மாட்டிக் கேளுங்க. புதுசு தேவையாங்கிறதை ஒரு வாரம் கழிச்சு முடிவு பண்ணலாம்.

அடாப்டர் வோல்ட், சென்சிட்டிவிட்டி, உட்காரும் தூரம். இந்த மூணையும் போன்ல குறிச்சுக்கிட்டு கடைக்குப் போங்க. கடைக்காரர் "சார், இது 200 வாட்ஸ்"னு ஆரம்பிச்சா, "சென்சிட்டிவிட்டி எவ்வளவுண்ணா?"ன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.