மேகமும் விதைப்பும்

அங்கத்தினர்களே! மேகம் கண்டவுடன் விதைப்பது ஆலத்தியூர் போன்ற மானாவாரிப் பூமியில் நஷ்டத்திற்கே ஏதுவாகும்.

கடல்நீரும் ஏரிநீரும் வெயிலில் ஆவியாகிக் காற்றுடன் மேலெழுகின்றன. மேலே செல்லச் செல்ல, மேகம் உண்டாகும் வரையில், கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் அக்காற்றுக் குளிரும். குளிரவே, ஆவி நுண்ணிய தூசிகளின்மீது துளிகளாய்ப் படியும். அத்துளிகளின் கூட்டமே மேகம். ஏறக்குறைய பத்து லட்சம் துளிகள் ஒன்றுசேர்ந்தாலன்றி ஒரு மழைத்துளி உண்டாகாது. ஆதலின் மேகமெல்லாம் மழையன்று.

கோடைப் பிற்பகலில் கோபுரம்போல் எழும் இடிமேகம் ஒரு கிராமத்தை நனைத்து, அடுத்ததைக் காயவிடும். ஐப்பசியில் வங்கக்கடலினின்று வாடைக்காற்றுக் கொணரும் மேகமோ பரந்து படர்ந்து பல நாள் பொழியும்.

ஒருநாள் மழையை நம்பி விதைத்தால் முளை கருகும். சங்கத்தில் வாங்கிய கடன் கருகாது. மண் ஒரு சாண் ஆழம் நனைந்ததா என்று தோண்டிப் பார்த்த பின்னரே விதைப்பீர்களாக.